பார்த்து எடுத்த பிள்ளை

ஆவுடைநாயகியின் வீட்டு அழைப்புமணி கடைசியாக அடித்தது பதினோரு நாட்களுக்கு முன்பு. அடித்தவனும் வீடு மாறி வந்தவன்தான். கீழ்த்தளத்தில் கொடுக்க வேண்டிய பொட்டலத்தை மூன்றாவது மாடிக்குத் தூக்கி வந்துவிட்டு, தப்பு தெரிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனான். அவன் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை ஆவுடை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, மணி சரியாகத்தான் இருக்கிறதா என்று வெளியே வந்து தானே ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். நன்றாகவே அடித்தது.

இதற்காக யாரையும் குறை சொல்லும் உரிமை அவளுக்குக் கிடையாது. பாளையங்கோட்டையில் முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள். இப்படி இருக்கும்படி செய்ததில் பெரிய பங்கு அவளுடையது.

தனியாக இருந்தால் மனிதனுக்கு மனம் வலிக்கிறது. ஒருவருக்கு அதிகம், இன்னொருவருக்குக் குறைவு. இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு பிறவியிலேயே வருவது. அது ஒரே ஒரு மரபணுவில் உட்கார்ந்திருந்தால் சங்கதி சுலபம். அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான இடங்களில், இங்கே ஓர் எழுத்து, அங்கே ஓர் எழுத்து என்று சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொன்றின் பலமும் கடுகளவு. அந்தக் கடுகுகளையெல்லாம் கூட்டி ஒரே எண்ணாக்கும் கணிப்பை எழுதியவள் ஆவுடை. தனிமை மதிப்பெண் என்று பெயர் வைத்தார்கள். செயற்கைக் கருத்தரிப்புக்கு வந்தவர்களின் நாலைந்து கருக்களில் எதற்கு அந்த மதிப்பெண் குறைவோ, அதைத் தாயின் வயிற்றில் வைத்தார்கள். பெற்றவர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அழாத குழந்தை, ஏங்காத குழந்தை, வேலைக்குப் போனால் காலைக் கட்டிக்கொள்ளாத குழந்தை! ஊர் அவர்களுக்கு 'அமைதிப் பிள்ளைகள்' என்று பெயர் வைத்தது. சில வருடங்களில், இயல்பாகக் கருத்தரிக்க முடிந்தவர்களும் இந்த மதிப்பெண்ணுக்காகவே ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றார்கள்.

அமைதிப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று ஒருவரும் சொல்ல முடியாது. உதவி கேட்டால் செய்வார்கள். கேட்காமல் வரமாட்டார்கள், அவ்வளவுதான். டீக்கடைகளில் பெஞ்சு போடுவது நின்றுபோனது. கல்யாண மண்டபங்களை வாங்கிக் கிடங்காக்கினார்கள். இழவு வீடுகளில் வாடகை நாற்காலிகள் பிரிக்கப்படாமலே திரும்பிப் போயின. இதில் எதுவும் அந்தப் பிள்ளைகளுக்கு உறுத்தவில்லை. உறுத்தியதெல்லாம் ஆவுடையைப் போல, மதிப்பெண்ணுக்கு முந்திப் பிறந்துவிட்டவர்களுக்குத்தான். ஊர் நிறைய ஆளிருக்க, பேச ஒருவர் இல்லாமல் அவர்கள் கிழடாகிக்கொண்டிருந்தார்கள்.

ஆவுடைக்கு ஒரே மகள். பெயர் இன்னிலா, வயது முப்பது. முப்பந்தல் பக்கம் ஒரு காற்றாலைக் கட்டுப்பாட்டு நிலையத்தில் தனி ஆளாக வேலை பார்க்கிறாள். பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம். மகள் வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிறு தவறினாலும் மறு ஞாயிறு காலை பத்து மணிக்கு ஃபோன் மட்டும் வந்துவிடும். போன ஞாயிறும் வந்தது.

"நல்லா இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன். சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். இங்க நாலு நாளா நல்ல மழை. மலையே தெரியல. அப்புறம்…" மகள் சற்று நிறுத்தினாள். "கடல் நிலையத்துக்கு எழுதிப் போட்டிருந்தேன்லாம்மா. கெடச்சிருச்சு. அடுத்த திங்கக்கெழமை படகு."

கன்னியாகுமரிக்குத் தெற்கே நடுக்கடலில் காற்றாலைகள் நட்டிருந்தார்கள். அவற்றைக் கவனிக்க ஓர் இரும்பு மேடை, அதில் ஒரே ஓர் ஆள். மூன்று வருடம் கரைக்கு வர முடியாது. சாப்பாடும் மருந்தும் பறந்து வரும். ஃபோன் கிடையாது, மாதம் ஒரு கடிதம் அனுப்பலாம். அமைதிப் பிள்ளைகள் மட்டுமே எடுத்துக்கொள்ளும் வேலை அது.

போகாதே என்று சொல்ல ஆவுடையின் நாக்கு துடித்தது. சொல்லி என்ன ஆகப் போகிறது? பசியே இல்லாதவளிடம் போய் எனக்குப் பசிக்கிறது, நீயும் உட்கார் என்றால் அவளுக்கு என்ன புரியும்? அந்த நாலு வார்த்தை பேசுவதே மகளுக்குக் கடமைதான் என்று ஆவுடை பல வருடமாக நம்பியிருந்தாள். கடமையை நீட்டுவது நியாயமில்லை. அதனால் எப்போதும் ஃபோனை வைக்க முந்திக்கொள்பவள் அவள்தான்.

"நல்லதும்மா. உடம்பைப் பாத்துக்கோ. சரி, வேற ஒண்ணுமில்லையே?"

எதிர்ப்புறம் ஒரு கணம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் இன்னிலா.

வியாழக்கிழமை முற்பகல் மணி அடித்தது. ஆவுடை ஓடிய வேகத்தில் முழங்கால் நாற்காலியில் இடித்துக்கொண்டது. வாசலில் குடையோடு ஜெபராஜ் நின்றிருந்தார். இருபத்தெட்டு வருடம் அடுத்தடுத்த மேசையில் அவளோடு வேலை பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகும் சும்மா இருக்க முடியாமல், முதல் அமைதிப் பிள்ளைகள் ஆயிரத்து இருநூறு பேரைப் பின்தொடரும் ஆய்வில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஃபோன்ல சொல்லியிருக்கலாமே" என்றாள் ஆவுடை. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டாரே என்று பயமாகவும் இருந்தது. காப்பியைப் பெரிய டம்ளரில் ஊற்றினாள். குடித்து முடிக்க நேரமாகும்.

"ஃபோன்ல சொல்லுத விஷயம் இல்ல" என்றார் ஜெபராஜ். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "நம்ம ஆயிரத்து இருநூறு பேர்ல எத்தனை பேருக்குப் பிள்ளை இருக்கும்னு நெனைக்கீங்க?"

"நானூறு?"

"எழுபத்தொண்ணு. வேண்டாம்னு யாரும் சபதம் போடல. ஒரு பொண்ணு சொல்லுதா, 'வேணாம்னு முடிவெல்லாம் எடுக்கல சார், அந்த யோசனையே வரல'ன்னு."

ஆவுடை எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இவ்வளவு வலிக்கிற ஒண்ணை இயற்கை லட்சக்கணக்கான வருஷமா ஏன் விட்டு வச்சிருக்குன்னு அன்னைக்கு நாம கேட்டோம்லா? பதிலும் நாமளே சொல்லிக்கிட்டோம். ஒவ்வொண்ணும் கடுகளவு, அதான் அதுக்குக் கண்ணுல படலைன்னு."

"படத்தான் செஞ்சிருக்குங்கீங்களா?"

"பட்டுத்தான் வச்சிருக்கு. பசிக்காத பிள்ளை தொந்தரவு பண்ணாது, ஆனா தேறாதுல்லா? அதே கதைதான். தனியா இருந்து வலிச்சவன் கூட்டத்துக்குத் திரும்பி வந்தான். சோறு கெடச்சுது, பொண்ணு கெடச்சுது, பிள்ளை பொறந்துது. வலிக்காதவன் காட்டுலயே நிம்மதியா இருந்து நிம்மதியாப் போய்ச் சேந்தான். அளவுக்கு மிஞ்சி வலிச்சவனும் தாங்கல. அப்படி ரெண்டு ஓரத்தையும் வெட்டி வெட்டித்தான் நம்மள நடுவுல நிறுத்தியிருக்கு. நாம போய் எல்லாரையும் ஒரு ஓரத்துக்குத் தள்ளிட்டோம். இப்ப அது மறுபடியும் கத்திரியை எடுத்திருச்சு."

நோயைப் பிடுங்குவதாக நினைத்து எதைப் பிடுங்கினோம் என்று ஆவுடைக்குத் தெரிந்துதான் இருந்தது. அடிக்காத மணி தினமும் சொல்கிறதே. ஆனால் இதைச் சொல்ல ஜெபராஜ் குடை பிடித்து வரவேண்டியதில்லை.

"வந்த விஷயத்தைச் சொல்லுங்க."

"எல்லார் ரத்தத்தையும் வாங்கி மதிப்பெண்ணை மறுபடி போட்டோம். ஊழியர்களோட பிள்ளைங்களும் அதுல உண்டு. ஒரே ஒரு ஆளோடது மட்டும் ஒட்டவே இல்ல. மத்த எல்லாருக்கும் எண் அடியில கெடக்குன்னா, அதுக்கு மட்டும் உச்சியில நிக்குது. நடுத்தரம்கூட இல்ல ஆவுடை, உச்சி. ரத்த மாதிரி மாறிப்போச்சோன்னு மூணு தடவை பாத்தோம். யாரோடதுன்னு பேரைப் பாக்கக் கூடாது. பாத்துட்டேன்."

அவர் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இருக்காது" என்றாள் ஆவுடை. "அது அழாத பிள்ளை. நாலு கருவுல நானே பாத்து எடுத்தேன்."

"எப்ப எடுத்தீங்க? ஆஸ்பத்திரியில தொடங்குறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால. நாலு மாசம் முன்னால. என் பிள்ளையை வச்சே வெள்ளோட்டம் விட்டா மத்தவங்களுக்கும் தைரியம் வரும்னு… இல்ல, பொய். எனக்குப் பொறுக்கல. சின்ன வயசுல இருந்து நான் பட்ட பாடு என் பிள்ளைக்கு வேண்டாம்னு இருந்துது. யாருக்கும் தெரியாம, என் மேசையில இருந்த முதல் வடிவத்தை வச்சே பாத்துட்டேன்."

ஜெபராஜின் முகம் மாறியது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாம தரவு வாங்குன அந்த வெளிநாட்டு அட்டவணை ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டு கட்டம். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு எழுத்து. பக்கத்துல அதோட பலம், கூட்டவா கழிக்கவான்னு ஒரு குறியோட. அந்த எண் எந்தக் கட்டத்து எழுத்துக்குன்னு அவங்க தலைப்புல போடல."

"முதல் கட்டத்துக்கு. எல்லாரும் முதல் கட்டத்துக்குத்தானே போடுவாங்க."

"அவங்க ரெண்டாவதுக்குப் போட்டிருந்தாங்க. ஆஸ்பத்திரிக்குக் குடுக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாலதான் நான் கண்டுபிடிச்சேன். கூட்ட வேண்டியதெல்லாம் கழிஞ்சு, கழிக்க வேண்டியதெல்லாம் கூடி, மொத்தமும் தலைகீழா வந்துக்கிட்டு இருந்துது. ஒரு வரியை மாத்தினேன், சரியாயிருச்சு. நீங்க மசக்கைன்னு லீவுல இருந்தீங்க. வந்ததும் சொல்லணும்னு நெனச்சேன். யாருக்கும் பயன்படுத்தாத வடிவம்தானேன்னு மறந்துபோச்சு."

வெளியே எங்கோ ஒரு வண்டி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. நாலு கருக்களில் குறைந்த எண் கொண்டதைத்தான் ஆவுடை எடுத்தாள். தலைகீழான கணிப்பில் குறைந்தது. அப்படியானால் நாலில் மிக அதிகமாக ஏங்கக்கூடிய பிள்ளையைத் தேடிப் பிடித்துப் பெற்றிருக்கிறாள். பெற்று, ஏங்காத பிள்ளை என்று நம்பி வளர்த்திருக்கிறாள்.

"எண்ணு விதி இல்ல ஆவுடை. ஒரு சாய்வு, அவ்வளவுதான்" என்றார் ஜெபராஜ். ஆறுதலாகத்தான் சொன்னார். அது அவள் காதில் ஏறவில்லை.

புருஷன் கதிரேசன் செத்தபோது இன்னிலாவுக்கு நாலு வயது. ஆறு வயதில் கொடைக்கானலில் விடுதியில் சேர்த்தாள். அன்று அந்த முற்றத்தில் அத்தனை பிள்ளைகளும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கதற, இன்னிலா மட்டும் பெட்டியின் மேல் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடுதி சிஸ்டர் ஆச்சரியப்பட்டார். ஆவுடைக்குப் பெருமை தாங்கவில்லை. "இது அழாது சிஸ்டர். அழாத பிள்ளையாப் பாத்து எடுத்ததுல்லா" என்றாள். சிரித்துக்கொண்டே வேறு சொன்னாள். அதற்குப் பிறகு எத்தனை லீவுக்கு, வேலை இருக்கிறது என்று கூப்பிட்டு வராமல் அங்கேயே விட்டுவிட்டாள்! கூடப் பிறந்த துணை வேண்டாமா என்று கதிரேசனின் அக்கா கேட்டபோது, இதற்கு எதற்குத் துணை என்று மறு கல்யாணப் பேச்சையும் சேர்த்துத் தட்டிவிட்டாள். எதுவும் கொடுமை என்று தெரிந்து செய்ததில்லை. நீச்சல் தெரியும் என்று நினைத்துப் பிள்ளையைக் கிணற்றோரம் விட்டுவிட்டு வந்த தாய் அவள்.

அன்றும் மறுநாளும் ஃபோனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தாள். ஃபோனில் சொல்லுகிற விஷயம் இல்லை. சனிக்கிழமை மதியம் முப்பந்தல் பஸ் ஏறினாள். பஸ்ஸில் ஒன்பது பேர், ஒருவர் பக்கத்தில் ஒருவர் இல்லாமல் ஒன்பது இருக்கைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நடத்துநர் அவள் முகத்தைப் பார்க்காமலே டிக்கெட் கொடுத்தார். ஆரல்வாய்மொழி நெருங்கியதும் காற்று ஜன்னலை உலுக்கத் தொடங்கியது. இரண்டு பக்கமும் காற்றாலைகள் கண்ணுக்கு எட்டியவரை சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே ஓர் ஓட்டுக் கட்டடம், வாசலில் ஒரு வேப்பங்கன்று. இறங்கி நடந்த பத்து நிமிடத்தில் ஆவுடையின் கண்ணெல்லாம் புழுதி.

கதவைத் திறந்த இன்னிலா திடுக்கிட்டாள்.

"அம்மா! என்னாச்சு? உடம்புக்கு எதுவும்…"

"ஒண்ணுமில்ல. உன்னப் பாக்கத்தான் வந்தேன்."

"என்னப் பாக்கவா?" புரியாத பாஷையைக் கேட்டதுபோல மகள் நின்றாள். பிறகு, "உக்காருங்க, டீ போடுதேன்" என்று அவசரமாக உள்ளே போனாள்.

ஓர் ஆள் வேலை பார்க்கும் அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. இரண்டாவதில் உட்கார்ந்த அடையாளமே இல்லை, ஆனால் தூசியும் இல்லை. மேசையில் ஃபோனுக்குப் பக்கத்தில் ஒரு தடித்த நோட்டு திறந்தபடி கிடந்தது. மகளின் கையெழுத்து. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஆவுடை பார்த்தாள். மேலே போன ஞாயிற்றின் தேதி. கீழே வரிசையாக எழுதியிருந்தது.

அம்மாவிடம் பேச வேண்டியவை: மழை. மலை தெரியாதது. கடல் வேலை. வாசலில் மயில் வந்தது. வேப்பங்கன்று எவ்வளவு உயரம் என்பது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி. அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்க. கடல் வேலைக்குப் போக வேண்டாம் என்று நினைக்கிறார்களா என்று கேட்க.

முதல் மூன்றுக்கு நேராக மட்டும் சின்னதாய் ஒரு கோடு. ஆவுடை பக்கத்தைப் புரட்டினாள். அதற்கு முந்தைய ஞாயிறு, பதினொன்றில் இரண்டு கோடு. அதற்கும் முந்தையது, ஒன்பதில் இரண்டு. நோட்டு முழுக்க அப்படியே. ஒவ்வொரு வரிசையையும் பாதியில் அறுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். வேற ஒண்ணுமில்லையே, வேற ஒண்ணுமில்லையே என்று கேட்டுக் கேட்டு அறுத்தவள் அவள்தான்.

டீயோடு வந்த இன்னிலா நோட்டைப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல டம்ளரை வைத்துவிட்டு நோட்டை இழுத்து மூடினாள்.

"அது சும்மா… மறந்துரக் கூடாதுன்னு."

"உக்காரு" என்றாள் ஆவுடை. "உங்கிட்ட ஒரு தப்பைச் சொல்லணும்."

சொன்னாள். அட்டவணை, இரண்டு கட்டங்கள், நாலு கருக்கள், ஜெபராஜ் மாற்றிய ஒரு வரி. தன் பக்கம் நியாயம் சேர்க்காமல் சொன்னாள். முடிக்கும்போது டீயில் ஆடை படர்ந்திருந்தது. மகள் கத்துவாள், இல்லை எழுந்து போவாள் என்று எதிர்பார்த்தாள். எதையும் ஏற்கத் தயாராக இருந்தாள்.

இன்னிலா ஜன்னலுக்கு வெளியே சுற்றுகிற காற்றாலைகளைப் பார்த்தாள்.

"அப்போ எங்கிட்ட கோளாறு ஒண்ணும் இல்லையாம்மா?" என்றாள்.

"கோளாறா?"

"நீங்க சிஸ்டர்கிட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அழாத பிள்ளையாப் பாத்து எடுத்ததுன்னு. எனக்கு அழுகை தொண்டை வரைக்கும் வந்து நின்னுது. அழுதா நான் நீங்க எடுத்த பிள்ளை இல்லைன்னு ஆயிரும்லா? மாறிப்போச்சுன்னு திருப்பிக் குடுத்துருவீங்களோன்னு… ஆறு வயசுல எனக்கு என்ன தெரியும்? ராத்திரி போர்வையைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன். வளர்ந்த பிறகு திருப்பிக் குடுக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுது. ஆனா சரியா வராத அமைதிப் பிள்ளை நான்னு தெரிஞ்சா உங்க வேலைக்கே அசிங்கம்லா? காலேஜ்ல என் கூடப் படிச்ச அமைதிப் பிள்ளைங்க எல்லாரும் நெசமாவே நிம்மதியா இருந்தாங்க. நான் மட்டும் நடிச்சேன்."

"பின்ன எதுக்கும்மா கடலுக்கு எழுதிப் போட்ட?"

"மூணு வருஷம் ஒரு ஆளும் இல்லாம இருந்தா பழகிரும்னு நெனச்சேன். நான் எப்படி இருக்கணும்னு எடுத்தாங்களோ, அப்படி ஆயிருவேன்னு."

மன்னித்துக்கொள் என்ற வார்த்தை ஆவுடையின் வாயில் வந்து, எதற்கும் பற்றாத வார்த்தையாக நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு மகளின் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்தாள்.

"அம்மா" என்றாள் இன்னிலா. குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது. "இப்ப அழலாமா?"

முப்பது வயதுப் பெண் அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டு அழுதாள். முதலில் எப்படி என்று தெரியாதவள் போல விக்கினாள். பிறகு முற்றத்தில் கதறிய அத்தனை பிள்ளைகளுக்கும் சேர்த்து அழுதாள். ஆவுடை அவள் தலையை மடியில் அழுத்திக்கொண்டாள். முதுகைத் தடவ எங்கே தொடங்குவது என்று அவள் கைக்குத் தெரியவில்லை. அந்தக் கை அதைச் செய்து பழகியிருக்கவே இல்லை. அதை நினைத்து அவளும் அழுதாள்.

வெயில் தாழ்ந்த பிறகு இன்னிலா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கடல் வேலையிலிருந்து விலக ஞாயிறு மாலைவரை நேரம் இருந்தது. திரையில் விலகல் படிவத்தைத் திறந்தாள். காரணங்கள் வரிசையாக இருந்தன: உடல்நலம், குடும்பத்தில் மரணம், மேல்படிப்பு. முன்பு தனிமை என்றும் ஒரு காரணம் இருந்ததாம். பல வருடங்களாக யாரும் அதைத் தொடாததால் எடுத்துவிட்டார்களாம். இன்னிலா 'மற்றவை' என்ற இடத்தில் விரலை வைத்து யோசித்தாள். பிறகு, 'எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை' என்று எழுதினாள். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். அனுப்பினாள்.

காற்று கதவைத் தட்டியது. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஆவுடை பையைத் தேடி எடுத்தாள். பல வருடப் பழக்கம், நாக்கு தானாகவே புரண்டுவிட்டது.

"சரிம்மா, வேற ஒண்ணுமில்லையே?"

சொன்ன பிறகுதான் அவள் காதில் விழுந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இன்னிலா மேசையிலிருந்து நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கு" என்றாள்.

ஆவுடை பையைக் கீழே வைத்தாள். மகள் முதல் பக்கத்தைத் திறந்தாள்.